ஓல்ட் ஃபேஷன்ட்: முதல் மிடறு காரம், கடைசி மிடறு பாகு. எங்கே தவறுகிறது?

கார்முகில்:
வீட்டில் ஓல்ட் ஃபேஷன்ட் என்ற விஸ்கி காக்டெயில் சரியாக வரவே மாட்டேன் என்கிறது. பர்பன் (மக்காச்சோளத்தில் செய்யும் அமெரிக்க விஸ்கி) 60 மி.லி., சர்க்கரைக் கட்டி ஒன்று, அங்கஸ்டூரா பிட்டர்ஸ் (மூலிகைக் கசப்புச் சாறு) இரண்டு டாஷ், அதாவது குப்பியை இரண்டு முறை உதறி விடும் சில துளிகள். கட்டியின் மேல் பிட்டர்ஸை விட்டு நசுக்குகிறேன், அதன் மேல் விஸ்கி, அப்புறம் ட்ரேயில் உறைந்த சின்ன ஐஸ் கட்டிகள். எவ்வளவு கிளறினாலும் சர்க்கரை மணல் மாதிரி அடியில் தங்கிவிடுகிறது. முதல் மிடறு தொண்டையைப் பிடிக்கிறது, பாதி குடிப்பதற்குள் ஐஸ் கரைந்து சப்பென்று ஆகிவிடுகிறது, கடைசி வாய் வெறும் இனிப்பு. மாற்ற வேண்டியது விஸ்கியையா, செய்முறையையா?

பழைய_குடுவை:
விஸ்கியை மாற்ற வேண்டாம். உங்கள் செய்முறையில் தண்ணீர் விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சர்க்கரை தண்ணீரில் கரைகிற மாதிரி ஆல்கஹாலில் கரையாது. குளிர்ந்த ஆல்கஹால் என்றால் இன்னும் கஷ்டம். பிட்டர்ஸால்தான் நனைத்துவிட்டோமே என்று தோன்றும், ஆனால் அங்கஸ்டூராவிலேயே 44.7 சதவீதம் ஆல்கஹால். ஆக, உங்கள் சர்க்கரை கரைவதற்குப் போதுமான தண்ணீர் கிடைப்பதே ஐஸ் உருகிய பிறகுதான், அதற்குள் எல்லாம் குளிர்ந்துவிடுகிறது. 1806-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் வந்த ஒரு பத்திரிகை, காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்கு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று பதில் சொன்னது. அந்தப் பட்டியலிலேயே தண்ணீர் தனியாக இருக்கிறது.

கட்டிக்குப் பதில் சிரப் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எடையில் இரண்டு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். மிதமான சூட்டில் கரைந்ததும் இறக்கிவிடுங்கள். கொதித்து வற்றினால் அளவு மாறிவிடும். கட்டி ஒன்று சுமார் 4 கிராம் இருக்கும், இந்த சிரப்பில் 5 மி.லி. ஏறக்குறைய அதே இனிப்பு.

செம்பருத்தி:
சிரப் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கட்டியை பிட்டர்ஸால் நனைத்து, ஒரு டீஸ்பூன் சாதாரணத் தண்ணீர் விட்டு, துகள் எதுவும் கண்ணில் படாமல் போகும் வரை நிதானமாகத் தேயுங்கள். கிளாஸைச் சாய்த்தால் பளபளவென்று வழிய வேண்டும். அதற்கு அப்புறம்தான் விஸ்கி, எல்லாவற்றுக்கும் கடைசியில் ஐஸ். இந்த வரிசை மாறினால் சர்க்கரை கரையாது.

ஈரக்காற்று:
இனிப்பை இரண்டு பேரும் தீர்த்துவிட்டார்கள். சப்பென்று ஆவதற்குக் காரணம் ஐஸ். ஐந்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரே கட்டிக்கு மேற்பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். அதே ஐஸை இரண்டரை சென்டிமீட்டர் கட்டிகளாக்கினால் எட்டு கட்டி, மேற்பரப்பு 300. அத்தனையும் விஸ்கியோடு உரசி உருகிக்கொண்டே இருக்கும்.

அதற்காகத் தண்ணீரே சேரக்கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மிடறு தொண்டையைப் பிடிப்பது அது போதாமல்தான். தனி கிளாஸில் சின்ன ஐஸோடு அரை நிமிடம் கிளறி, விஸ்கியில் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்ந்ததும் வடிகட்டி, புதிதாக ஒரு பெரிய கட்டியின் மேல் ஊற்றுங்கள். தேவையான தண்ணீர் முதலிலேயே சேர்ந்துவிடும், மீதியைப் பெரிய கட்டி மெதுவாகப் பார்த்துக்கொள்ளும். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸாக இருக்கட்டும். வெளியே கிடந்து ஈரமான ஐஸ் உங்களைக் கேட்காமலே தண்ணீர் ஊற்றிவிடும்.

கார்முகில்:
எல்லாருக்கும் நன்றி. சிரப், தனியாகக் கிளறுவது, பெரிய கட்டி என்று மூன்றையும் செய்தேன். முதல் மிடறிலிருந்து கடைசி வரை ஒரே சுவை, இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது! ஒரே ஒரு சந்தேகம். வாசனைக்காக ஆரஞ்சுத் துண்டு ஒன்றைத் தோலோடு சிரப்பில் போட்டு நசுக்கினேன். அதிலிருந்து கசப்பு ஒன்று நாக்கின் அடியில் நிற்கிறது. பிட்டர்ஸைக் குறைக்கலாமா?

செம்பருத்தி:
பிட்டர்ஸைத் தொடாதீர்கள். இது தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பு, நசுக்கினால் அது இறங்கிவிடும். பழத்தை நசுக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சாறு உள்ளே போனால் விஸ்கி மங்கிவிடும். உங்களுக்கு வேண்டிய வாசனை மேல்தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது. காய்கறித் தோல் சீவும் கருவியால் வெள்ளை வராமல் இரண்டு விரல் அகலத்துக்குச் சீவி, நிறமுள்ள பக்கம் கிளாஸைப் பார்க்கும்படி பிடித்து அழுத்துங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் மெல்லிய தூறல் விழுவது கண்ணுக்கே தெரியும். கிளாஸின் விளிம்பிலும் ஒருமுறை தடவிவிட்டு உள்ளே போடுங்கள்.

பழைய_குடுவை:
ஆரஞ்சைச் சீவுவதற்கு முன் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள், மேலே மெழுகு பூசியிருக்கலாம். அப்புறம், பர்பனுக்குப் பதில் ரை விஸ்கி (ரை என்ற தானியத்தில் செய்வது) கிடைத்தால் அதே 60 மி.லி. அளவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சிரப்பை மட்டும் ஒரு மி.லி. கூட்டினால் போதும்.