ராபர்ட் கேம்பல்: கல்கத்தா வணிகர் சிட்னி சட்டசபையில் அமர்ந்தது எப்படி?

கேள்வி:

ராபர்ட் கேம்பலின் வாழ்க்கையைப் படித்து வருகிறேன். 1769இல் ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில் பிறந்து, அண்ணனின் வணிகக் கூட்டில் சேரக் கல்கத்தா வந்து, 1800இல் சிட்னியில் குடியேறிய அவர், 1825இல், அப்போது ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த நியூ சவுத் வேல்ஸின் சட்டசபையில் உறுப்பினராகிறார். தேர்தலே இல்லாத அந்தக் காலத்தில் அது பணத்துக்குக் கிடைத்த இடம்தானா?

முதல் மறுமொழி:

பணம் மட்டும் காரணமில்லை என்பது என் உறுதியான கருத்து. அவர் வந்தபோது, துறைமுகத்துக்கு வரும் சரக்கை மொத்தமாக வாங்கிப் பல மடங்கு விலைக்கு விற்கும் ராணுவ அதிகாரிகளின் பிடியில்தான் சிட்னிச் சந்தை இருந்தது. கேம்பல் சொந்தமாகப் படகுத்துறையும் கிட்டங்கியும் கட்டி, குறைந்த விலைக்கு விற்றதோடு, குடியானவர்களுக்குக் கடனும் கொடுத்தார். 1804இல் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக் குடியானவர்கள் கையொப்பமிட்டு அவருக்கு நன்றி மடல் அனுப்பியிருக்கிறார்கள். மறு ஆண்டு, 'லேடி பார்லோ' கப்பலில் ஏறத்தாழ 260 டன் எண்ணெயையும் கடல்நாய்த் தோல்களையும் ஏற்றிக்கொண்டு அவரே லண்டன் போனார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோக உரிமையை மீறியதாகச் சொல்லிச் சரக்கைப் பிடித்து வைத்தார்கள். அதில் அவருக்குப் பெருநட்டம். ஆனாலும் காலனிச் சரக்குக்கு லண்டன் சந்தையைத் திறந்துவிட வேண்டும் என்று அவர் அங்கேயே வாதாடினார். அவருடைய அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாம் மறுமொழி:

1808ஐ விட்டுவிடக் கூடாது. காலனியின் ஆளுநர் வில்லியம் பிளையை ராணுவம் கிளர்ச்சி செய்து பதவியிலிருந்து இறக்கியபோது கேம்பல் அவர் பக்கமே நின்றார். சுங்கவரி வசூலிக்கும் பதவி அதனால் பறிபோயிற்று. பிளையை இறக்கிய அதிகாரி மீது 1811இல் லண்டனில் நடந்த ராணுவ நீதிமன்ற விசாரணைக்குச் சாட்சியாகப் போனவர் 1815இல்தான் திரும்பினார். அதற்குள் வியாபாரம் நொடித்துவிட்டது. அந்தக் கிளர்ச்சியைத் தூண்டிவிட்ட ஜான் மெக்கார்தரும் 1825இல் அதே சபைக்கு நியமிக்கப்பட்டார். அதிகாரிகள் அல்லாத மூன்று நியமன உறுப்பினர்களில் இவர்கள் இருவரும் அடக்கம் என்பதைப் படித்தபோது நான் வியந்துபோனேன்.

மூன்றாம் மறுமொழி:

'சிட்னி' என்ற கப்பலின் கதையையும் சேர்த்துப் படியுங்கள். 1806 வெள்ளத்தில் ஹாக்ஸ்பரி விளைச்சல் அழிந்ததால், கல்கத்தாவிலிருந்து தானியம் கொண்டுவர அரசு கேம்பலின் அந்தக் கப்பலை அமர்த்தியது. அது நியூகினி அருகே மூழ்கிப்போனது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இழப்பீடு 4,000 ஏக்கர் நிலமும் 710 ஆடுகளும். அந்த ஆடுகளை ஓட்டிச் சென்ற ஜேம்ஸ் ஐன்ஸ்லியின் பெயர்தான் இன்று கான்பராவில் ஒரு மலைக்கு நிற்கிறது. அங்கே கேம்பல் கட்டிய டன்ட்ரூன் வீடு 1911 முதல் ராணுவக் கல்லூரியின் பகுதியாக இருக்கிறது. அரசு இழப்பீடாக அளந்து கொடுத்த அந்த நிலம், தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுடையது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. 1843இல், சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்த அதே ஆண்டில், கேம்பல் விலகிக்கொண்டார். 1846இல் டன்ட்ரூனிலேயே காலமானார். ஒருமுறைகூட வாக்குக் கேட்காமல் பதினெட்டு ஆண்டுகள் சபையில் இருந்திருக்கிறார். இனி அந்த ஆண்டுகளின் சபை நடவடிக்கைகளைத் தேடிப் படிக்கப் போகிறேன்.