புதுப்பிப்பு: போலி பிராண்ட் சரக்கு, விற்றவர் மீதும் கேஸ் வரும்

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பக்கம் போலி பிராண்ட் டி-சர்ட் விற்பது பற்றி முன்பு எழுதியதற்குப் பலரும் கேட்டது: "நாங்க தயாரிக்கலையே, வாங்கித்தானே விக்கிறோம்?"

தென்னாப்பிரிக்காவின் 1997ஆம் ஆண்டு போலிப் பொருள்கள் சட்டப்படி, விற்பதற்காகக் கடையில் வைத்திருப்பதே குற்றம். "தெரியாது" என்று சொன்னால் மட்டும் தப்ப முடியாது. சந்தேகப்படக் காரணம் இருந்தாலோ, தவிர்க்க நியாயமான முயற்சியெல்லாம் எடுக்காமல் விட்டிருந்தாலோ போதும். பில் இல்லாமல், கால் விலைக்கு, லேபிளைத் தனிப் பையில் போட்டுத் தரும் மொத்த வியாபாரியிடம் வாங்கியவர் எதைச் சொல்லி வாதாடுவார்?

அபராதம் உருப்படிக் கணக்கு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. முதல் தடவை உருப்படிக்கு 5,000 ரான்ட் வரை, அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 40 டி-சர்ட் சிக்கினால் உச்சவரம்பு 2 லட்சம் ரான்ட். மறுபடி மாட்டினால் உருப்படிக்கு 10,000, சிறை 5 ஆண்டு வரை.

இன்ஸ்பெக்டர் சரக்கை எடுத்துப் போனால் பட்டியல் நகலைக் கேட்டு வாங்கி, எண்ணிக்கையை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சரக்கு எங்கிருந்து, யார் மூலம் வந்தது என்று முழுதாக, உண்மையாகச் சொன்னால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் வக்கீலிடம் பேசிய பிறகே வாய் திறங்கள்.