ஏர்-கூல்டு 1600 ஃபோக்ஸ்வாகன் இன்ஜின்: 3ஆம் சிலிண்டர் வால்வு இடைவெளி குறைந்துகொண்டே போகிறது

கேள்வி: பீட்டில் 1600 இன்ஜின் (1584 சிசி, போர் 85.5, ஸ்ட்ரோக் 69 மிமீ). 3ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு மட்டும் ஒவ்வொரு சர்வீஸிலும் டைட்டாகவே இருக்கிறது, அதாவது வால்வு தண்டின் முனைக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைந்திருக்கிறது. சத்தம் எதுவும் இல்லை. சரிசெய்துவிட்டு ஓட்டலாமா?

பதில் 1: சத்தம் இல்லாததுதான் ஆபத்து. இடைவெளி கூடினால் டிக்டிக் என்று கேட்கும். குறைந்தால் வால்வு சீட்டில் (மூடும்போது அது உட்காரும் வளையம்) முழுதாக உட்காராது. சீட் வழியாகத்தான் வால்வின் சூடு இறங்கும், அந்த வழி அடைபட்டால் வால்வு கருகும். திரும்பத் திரும்பக் குறைகிறது என்றால் தண்டு நீள்கிறது, அல்லது சீட் தேய்கிறது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். அதுவும் குறைவென்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். வால்வு தலை உடைந்து விழுந்தால் பிஸ்டனும் போய்விடும்.

பதில் 2: 3ஆவதிலேயே ஏன்? பழைய மாடல்களில் ஆயில் கூலர் ஃபேன் ஷ்ரவுடுக்குள்ளேயே (ஃபேன் காற்றை சிலிண்டர்களுக்குச் செலுத்தும் தகரக் கூடு) நிற்கும். அந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்று தடைபடும், சூடும் ஆகும். 1971இல் கூலரை வெளியே தள்ளி வைத்தார்கள். தகரத் தடுப்புகள், இன்ஜினைச் சுற்றிய ரப்பர் சீல் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

பதில் 3: அளக்கும்போது இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இடைவெளி 0.15 மிமீ. 1ஆம் சிலிண்டரை கம்ப்ரஷன் டிடிசியில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்தித் தொடங்கி, புல்லியை இடப்பக்கமாக ஒவ்வொரு முறையும் 180 டிகிரி திருப்பினால் 2, பிறகு 3, 4. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளங்கள், இறுக்கும்போது நகரும்.

ஆயில் 2.5 லிட்டர்தான். ஃபில்டர் கிடையாது, ஆயிலை வடிகட்டும் வலை மட்டுமே. 5,000 கிமீக்குள் மாற்றுங்கள். வலைத் தட்டின் 6 நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர் போதும், மிஞ்சினால் ஸ்டட் பிய்ந்து வரும்.