கொண்டை ஊசி வளைவில் சைக்கிளும் பஸ்ஸும்: பார்த்ததை எழுதுங்கள்

பர்லியார்வாசி:

குன்னூர் மலைப்பாதையில் கல்லாறு தாண்டி வரும் 14 வளைவுகளில் ஒன்று. எத்தனையாவது என்பது முக்கியமில்லை. இடப்பக்கம் மடங்கும் எல்லா வளைவிலும் இதுதான் நடக்கும். பஸ் ஏறுகிறது, பின்னால் சைக்கிள். வளைவுக்கு முன்னால் டிரைவர் வலப்பக்கம் ஒதுங்கி அகலம் எடுத்தார். இடப்பக்கம் ஒரு ஆள் தாராளமாகப் போகிற அளவுக்கு இடம் திறந்தது. வழிவிடுகிறார் என்று நினைத்து சைக்கிள்காரர் உள்ளே நுழைந்துவிட்டார்.

கண்டக்டர் விசிலை விடாமல் ஊதினாரே, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. பஸ் நின்றபோது பின்சக்கரத்துக்கும் உள்பக்கக் கட்டைச் சுவருக்கும் நடுவில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஹேண்டில்பார் முனை டயரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆள் சுவர்மேல் ஏறி நின்றார். டிரைவர் இறங்கி வந்து திட்ட, இவர் பதிலுக்குத் திட்ட, பின்னால் இருபது வண்டி.

அந்த இடம் ஏன் திறந்து மூடுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 5 மீட்டர் உள்ள பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் பின்சக்கரம் அதே தடத்தில் வராது, 8.7 மீட்டர் ஆரத்தில் வரும். அதாவது 1.3 மீட்டர் உள்ளே. சைக்கிள்காரரின் தோள் அகலமும் ஹேண்டில்பாரும் சேர்ந்தே முக்கால் மீட்டர்தான். முன்சக்கரம் விட்ட இடம் முழுவதையும் பின்சக்கரம் எடுத்துக்கொள்ளும். மலைக்கு ஓடும் பஸ்கள் கொஞ்சம் குட்டையாக இருப்பதால் இந்த அளவு குறையும், இல்லாமல் போகாது.

நீலகிரியில், கொடைக்கானலில் இந்த மாதிரி பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மேட்டுப்பாளையம் ஸ்டியரிங்:

டிரைவரைக் குத்தம் சொல்லாம எழுதுனதுக்கு நன்றிங்க. ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. இடது பெண்டுல பஸ் ஒடிக்கும்போது டிரைவர் கண்ணு இடது கண்ணாடில இருக்காது. மேல் ரோட்டுல வண்டி இறங்குதான்னு பார்க்கும். முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பணும், எதிர்ல லாரி வந்தா நடுவுல மாட்டிக்கும். முன் படிக்கட்டுக்குப் பக்கத்துல ஒட்டிக்கிட்டு வர்ற சைக்கிள் எந்தக் கண்ணாடிலயும் தெரியாது.

இன்னொண்ணு. பாதி பெண்டுல நிறுத்துன பஸ்ஸை மறுபடி எடுக்கும்போது, பிரேக்கை விட்டு கிளட்ச் பிடிக்கிறதுக்குள்ள பின்னாடி ஒரு அடி, ரெண்டு அடி உருளும். முழு லோடு இருந்தா கூடவே. அதனால பின்னாடி வர்றவங்க, சைக்கிளோ பைக்கோ, ஒரு பஸ் நீளம் விட்டு நிக்கணும். பஸ் பெண்டைத் தாண்டி நேராகுற வரைக்கும் கீழயே நில்லுங்க. அரை நிமிஷம்தான் ஆகும்.

இறங்குற சைக்கிள்காரங்க இன்னும் மோசம்ங்க. பஸ் ஏறி வருது, பாதி பெண்டுல இருக்கு, மேல இருந்து 40 வேகத்துல ஒருத்தர் நடுக்கோட்டைத் தாண்டி வர்றாரு. மலைப்பாதைல ரோடு குறுகலா இருந்தா இறங்குறவன் நின்னு ஏறுறவனுக்கு வழி விடணும். சாலை விதிலயே இருக்கு. சைக்கிளுக்கு அந்த நியாயம் கிடையாதா?

கல்லட்டி 36:

நியாயம் உண்டு அண்ணா. இறங்கும்போது நடுக்கோட்டைத் தாண்டுகிறவர் எந்தச் சமாதானம் சொன்னாலும் அது தவறுதான். ஆனால் ஏறும்போது "ஓரமாப் போ" என்று ஹாரன் அடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறும் பாதை. டூர் ஆஃப் நீலகிரிஸ் என்ற சைக்கிள் பயணத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த 36 வளைவுகள் மனப்பாடம். ஒரு வளைவில் சைக்கிள் ஓரத்தை விட்டு நடுவுக்கு வந்தது. பின்னால் வந்த கார், வளைவு முடியும்வரை ஹாரனை எடுக்கவே இல்லை. மேலே போய் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, "ரோடு உன் அப்பன் வீட்டுதா?" என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சு இல்லாமல் சைக்கிள்காரர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார் கார்க்காரர். சண்டை அங்கேதான் பெரிதானது.

ஏன் நடுவுக்கு வந்தார்? வளைவின் உள் ஓரம் ஆரம் 4 மீட்டர், வெளி ஓரம் 10 மீட்டர் என்று வையுங்கள். அரைவட்டம் சுற்ற உள்ளே 12.6 மீட்டர், வெளியே 31.4 மீட்டர். இரண்டும் ஏற வேண்டிய உயரம் ஒன்றுதான். 1.6 மீட்டர் உயரம் என்றால் உள்ளே 12.7 சதவீத ஏற்றம், வெளியே 5 சதவீதம். உள் ஓரத்தில் வேகம் 5 கிமீக்குக் கீழே விழும். அந்த வேகத்தில் சைக்கிள் நேராகப் போகாது, ஒரு அடி இப்படியும் ஒரு அடி அப்படியும் ஆடும். வெளியே வந்தால் சீராக ஏறும். ஓரத்தில் ஆடுகிற சைக்கிளைவிட நடுவில் நேராகப் போகிற சைக்கிள்தான் பின்னால் வருகிறவருக்கும் நல்லது. பர்லியார்வாசி சொன்ன பின்சக்கரம் வந்து மூடுவதும் அதே உள் ஓரத்தில்தான்.

"தார் ரோட்டை விட்டுக் கீழே இறங்கு" என்பவர்களுக்கு: ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டு, விளிம்பு பல இடங்களில் நான்கைந்து அங்குலம் உயர்ந்து நிற்கிறது. 28 மிமீ டயர் அதில் இறங்கினால் திரும்ப ஏறாது. சாய்ந்தால் விழுவது காரின் பக்கம்தான்.

கேத்தி ஹேட்ச்பேக்:

கல்லட்டி 36 அவர்களுக்கு. கார்க்காரர் கத்தியது தவறு. ஆனால் அவர் காலுக்குக் கீழே என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். பெரும்பாலான பெட்ரோல் கார்கள் ஃபர்ஸ்ட் கியரில் ஆக்சிலரேட்டர் தொடாமல் போனாலே மணிக்கு 7, 8 கிமீ. உங்கள் சைக்கிள் 5இல் போனால் அவர் கிளட்சைப் பாதி மிதித்தபடி, அரை கிளட்சில் தொங்க வேண்டும். 10 சதவீத ஏற்றத்தில், நான்கு பேரோடு, 30 மீட்டர் வளைவு முழுக்க அரை கிளட்ச் என்றால் 20 விநாடிக்கு மேல். இரண்டு மூன்று வளைவில் கிளட்ச் பிளேட் கருகும் வாடை உள்ளே வந்துவிடும். நின்றால் மறுபடி எடுக்கத் தெரியாது, பின்னால் உருண்டுவிடுவோம் என்ற பயம். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தப் பயம்தான் ஹாரனாக வருகிறது.

அரை கிளட்சில் தொங்குவதைவிட, ஹேண்ட்பிரேக் போட்டு முழுசாக நின்று, சைக்கிள் 15 மீட்டர் போனபிறகு எடுப்பதே கிளட்சுக்கும் நல்லது. கிளட்ச் கவ்வி முன்பக்கம் லேசாக எழும்பும்போது ஹேண்ட்பிரேக்கை விட்டால் ஒரு அங்குலம்கூட உருளாது. ஹாரன் அடித்தே ஆக வேண்டும் என்றால் 30, 40 மீட்டர் முன்னாலேயே சின்னதாக ஒன்று. பக்கத்தில் வந்து அடித்தால் சைக்கிள்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்க்கிற பக்கமே சைக்கிளும் இழுக்கும். பல சுரம் பாடும் ஹாரன் சட்டப்படியே கூடாது.

வத்தலக்குண்டு ரோடு:

கொடைக்கானல் பக்கமும் சொல்றேன் அண்ணே. பெருமாள்மலைக்குக் கீழ, இறக்கம். முன்னாடி டூரிஸ்ட் வேன், பிரேக்கை மிதிச்சபடியே இறங்குது, வாடை அடிக்குது. பின்னாடி மூணு சைக்கிள். மூணாவது ஆளுக்குப் பிரேக் பிடிக்கல. வேன்ல மோதாம இருக்க வலப்பக்கம் விலகுனார், எதிர்ல பஸ். பஸ்காரர் அப்படியே நிறுத்திட்டார், அதனால தப்பிச்சார். வேன் டிரைவருக்கு நடந்ததே தெரியாது. அவ்வளவுதான் சம்பவம். ஆனா பிரேக் ஏன் போச்சுன்னு யாருமே அவருக்குச் சொல்லல, அதான் உறுத்துது. இங்க எழுதுறேன்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, 1,000 மீட்டர் உயரம் இறங்குனா கிட்டத்தட்ட 880 கிலோஜூல் சக்தி எங்கயாவது போயாகணும். கிட்டத்தட்ட மூணு லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. ஒரு பங்கு காத்துல போகும், மிச்சம் பிரேக்குல. மெதுவா, விடாம, லேசாப் பிடிச்சுக்கிட்டே இறங்குனா காத்துல போற பங்கு குறையும், பிரேக் ஆறவும் நேரம் கிடைக்காது. நேர் ரோட்டுல விட்டு, வளைவுக்கு முன்னாடி நிமிர்ந்து உக்காந்து அழுத்திப் பிடிச்சு, வேகம் குறைஞ்சதும் முழுசா விட்டுரணும். வளைவுக்குள்ள பிடிக்கக் கூடாது.

ரிம் பிரேக்னா, அதாவது சக்கர வளையத்தையே பிடிக்கிற பிரேக்னா, சூடு ரிம்முக்குப் போய் அங்கிருந்து டியூபுக்குப் போகும். உள்ள இருக்கிற காத்து 20 டிகிரியில இருந்து 80க்குப் போனா 100 பிஎஸ்ஐ காத்தழுத்தம் 123 ஆயிரும். பிளாஸ்டிக் ரிம் டேப் இளகும், ஸ்போக் ஓட்டைல டியூப் பிதுங்கி வெடிக்கும். 28 மிமீ டயரை 100ல வச்சு இறங்காதீங்க, உங்க எடைக்குத் தக்கபடி 75, 80 போதும். கார்பன் ரிம்மும் ரிம் பிரேக்கும்னா இந்த மலைக்குக் கொண்டு வராதீங்க. கார்பனை ஒட்டிப் பிடிக்கிற பிசின் இளகிட்டா ரிம் உருமாறிரும்.

டிஸ்க் பிரேக்னா, சக்கரத்தோட சுத்துற தட்டை (ரோட்டர்) ரெண்டு பக்கமும் பிடிக்கிற பேடைக் கழட்டிப் பாருங்க. உலோகத் தகட்டுக்கு மேல தேயுற பாகம் அரை மிமீ வந்துட்டா மாத்தணும். மலைக்கு வர்றதுக்கு முந்தின நாள்னா ஒரு மிமீ இருந்தாலே மாத்திருங்க. புதுப் பேடைப் போட்ட உடனே இறங்கக் கூடாது. சமதளத்துல 25 கிமீ வேகத்துல இருந்து நடக்கிற வேகத்துக்கு, நிக்காம, ஒரு இருபது தடவை பிடிச்சுப் பழக்கணும். பழக்காத பேடு சூட்டுல கண்ணாடி மாதிரி பளபளப்பாயிரும், பிறகு கடிக்காது. ரெசின் பேடு அமைதியா இருக்கும், நீள இறக்கத்துல தளரும். உலோகப் பேடு கத்தும், சூடு தாங்கும். ஆனா ரோட்டர்ல ரெசின் மட்டும்னு அச்சடிச்சிருந்தா அதுல போடாதீங்க, ரோட்டர் தேஞ்சிரும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில்தான். கார் பிரேக்குக்கு ஊத்துற டாட் ஆயில் ஊத்துனா உள்ள இருக்கிற ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். கேபிள் டிஸ்க் வச்சிருக்கிறவங்க பாதி மலையில ஒரு தடவை நின்னு திருகை ரெண்டு கிளிக் இறுக்கணும், பேடு தேயத் தேய லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டுரும். சூடா இருக்கிற ரோட்டர்ல தண்ணி ஊத்தாதீங்க, கோணிரும்.

வேன் ஓட்டுறவங்களுக்கு ஒரே வரி: எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா எல் அல்லது 2. பின்னாடி வர்றவனுக்குப் பிரேக் வாடை வந்தா 25 மீட்டர் தள்ளி வரணும். 35 கிமீ வேகத்துல, 8 சதவீத இறக்கத்துல சைக்கிள் நிக்க அந்த அளவு தேவைப்படும், காய்ஞ்ச ரோட்டுலயே.

கல்லட்டி 36:

வத்தலக்குண்டு அண்ணே, எல்லாம் சரி, ஒன்று சேர்க்க வேண்டும். எந்தப் பிரேக் என்று சொல்லவில்லை. பயத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள்தான் அதிகம். இறக்கத்தில் எடை முன்னால் போய்விடும், பின்சக்கரம் வழுக்கும். காய்ந்த ரோட்டில் முன் பிரேக் முக்கால், பின் பிரேக் கால். ஈரத் தைல மர இலை, வெள்ளைக் கோடு, சிந்திய டீசல் மேல் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்திருக்க வேண்டும்.

கேத்தி ஹேட்ச்பேக்:

ஈரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. கழுவிய கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு விடியற்காலை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிகள் வழிநெடுக நீர் சொட்டிக்கொண்டே போகும். மழையே இல்லாத நாளில் வளைவு மட்டும் நனைந்திருக்கும், அதுவும் லாரி மெதுவாகத் திரும்பும் இடத்தில்தான் அதிகம். அங்கே சறுக்கிய சைக்கிள்காரர் பின்னால் வந்த ஜீப்பைத் திட்டினார், ஜீப் அவரைத் தொடவே இல்லை.

மூடுபனியில் பின் விளக்கு சிமிட்டினால் மட்டும் போதாது. சிமிட்டல் கண்ணை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க முடியாது. நிலையாக எரிவது ஒன்று, சிமிட்டுவது ஒன்று, இரண்டும் வேண்டும். கணுக்காலில் ஒளிரும் பட்டை கட்டினால் மேலும் கீழும் அசைவதைப் பார்த்து மனுஷன் என்று உடனே தெரியும்.

மேட்டுப்பாளையம் ஸ்டியரிங்:

சீசன்ல குன்னூர் வழியா ஏத்தம், கோத்தகிரி வழியா இறக்கம்னு ஒருவழி ஆக்குற நாள்ல, சைக்கிள்தானேன்னு குன்னூர் ரோட்டுல இறங்காதீங்க. எதிர்ல ஆள் வராதுன்னு நினைச்சு வெளியூர் கார் ரோடு முழுசும் எடுத்துத் திரும்பும். அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் இருக்கு, ஆனா வர்ற வண்டி எல்லாம் அதே காலை நேரத்துல அதே பெண்டுக்குத்தான் வருது. ஏறுற சைக்கிள் ஆறரைக்குள்ள பர்லியாரைத் தாண்டிட்டா பாதிச் சண்டை இல்லைங்க.

பர்லியார்வாசி:

அண்ணா, ஒரு பஸ் நீளம் விட்டு நிற்கச் சொன்னீர்கள். வளைவுக்குக் கீழே இடப்பக்கம் வடிகால் மூடி போட்டிருக்கும் இடத்தில் நிற்கலாமா? வேறு அகலம் அங்கே இல்லை.

மேட்டுப்பாளையம் ஸ்டியரிங்:

மூடி மேல வேண்டாம்ங்க. அகலம் எடுக்க முடியாத லாரி பின்சக்கரத்தை அது மேலதான் ஏத்தும், பல மூடி விரிஞ்சு கிடக்கு. இன்னும் 20 மீட்டர் கீழ, நேர் ரோட்டுலயே ஓரமா ஒரு காலை ஊனி நில்லுங்க. கையை நீட்டி முன்னாடி போகச் சொல்லிக் காட்டுங்க, டிரைவர் புரிஞ்சுக்குவார்.