அம்மாவுக்கு மறதி கூடுகிறது: சொன்னால் யாரும் நம்பவில்லை

பகல்ஷிப்ட்:
ஒரு வீட்டில் 78 வயது அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. சேர்ந்து 14 மாதம் ஆகிறது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு, நடையில் தளர்ச்சி. அதற்குத்தான் என்னை வைத்தார்கள், மறதிக்காக அல்ல.

கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை, நானே அப்படித்தான். ஆனால் மூன்று மாதமாக வேறு மாதிரி. பத்து நிமிடத்துக்கு முன் சொன்ன கதையை, அதே வார்த்தைகளில், இப்போதுதான் நினைவு வந்ததுபோலச் சொல்கிறார். டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை மாத்திரை டப்பாவில் காலை அறையும் காலி, இரவு அறையும் காலி. மணி என்னவோ மதியம் 12. போன வாரம் பேங்க் பாஸ்புக்கை நான் எடுத்துவிட்டேன் என்றார். தலையணை உறைக்குள் இருந்தது. அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது, அது வேறு விஷயம்.

மகன் வெளியூரில் இருக்கிறார். தினமும் ராத்திரி போன். "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பார், அம்மா டாண் டாண் என்று பதில் சொல்லிவிடுவார். நான் சொன்னால் சார், "வயசானா அப்படித்தாம்மா" என்கிறார். டாக்டரிடம் போனால் "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்று சிரிக்கிறார். டாக்டரும் சிரித்தார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். கூட வந்த என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் சொந்தக்காரியும் இல்லை, படித்தவளும் இல்லை. இதற்கு மேல் சொல்லலாமா?

ஓபி_நர்ஸ்:
சொல்லத்தான் வேண்டும் சகோதரி. மறதிக்கான ஓபியில் இருக்கிறேன். நாங்கள் நோயாளியைக் கேட்பதைவிடக் கூட வந்தவரைக் கேட்பதுதான் அதிகம், அதுவும் தனியாக. ஏடி8 என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. எட்டே கேள்வி, கூட இருப்பவர்கள் பதில் சொல்வதற்கென்றே செய்தது. இரண்டுக்கு "ஆமாம், மாறியிருக்கிறது" என்றாலே மேற்கொண்டு பார்ப்போம். ஒரு மறதி நோய்க்கே பெயர் கொடுத்த அல்சைமர் என்ற டாக்டர் 1901-ல் பார்த்தாரே, அகஸ்டே டிட்டர் என்ற 51 வயதுப் பெண், அவரிடம் ஏதோ மாறுகிறது என்று முதலில் கவனித்ததும் கணவர்தான்.

அம்மா பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். தன் மறதியே தனக்குத் தெரியாமல் போவதும் மறதி நோயில் உண்டு. புது ஆளிடம் பத்து நிமிடம் அழகாகச் சமாளித்துவிடுவார்கள். பாஸ்புக் விஷயமும் அப்படித்தான்: வைத்த நினைவு இல்லை, பொருளும் இல்லை, அப்போது மனசு யாரையாவது திருடனாக்கிவிடும். பக்கத்தில் இருந்தது நீங்கள்.

டாக்டரிடம் "மறதி அதிகம்" என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். அம்மா முன்னால் வாசிக்கவும் வேண்டாம், யாருக்கும் அது அவமானம். உள்ளே போகும் முன்பே சீட்டாகக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு குறை. உங்களுக்கு அவரை 14 மாதம்தான் தெரியும். ஐக்யூகோட் என்ற இன்னொரு கேள்வித்தாள், பத்து வருடத்துக்கு முன் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று கேட்கும். அந்தப் பாதி மகனிடம்தான் இருக்கிறது.

மூத்தவன்:
நான் அந்த "வயசானா அப்படித்தான்" கட்சியில் இருந்தவன். அப்பா விஷயத்தில் தப்புப் பண்ணினேன், அதனால் எழுதுகிறேன்.

முதலில் மாத்திரை டப்பாவை உங்கள் கைக்கு மாற்றுங்கள், இன்றைக்கே. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரை இரண்டு வேளைக்கும் சேர்ந்து உள்ளே போனால் சர்க்கரை இறங்கும், அதிலேயே ஆள் குழம்பிப்போவார். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் மறதியாகத் தெரியும். தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு நடந்தது வேறு. தூக்கத்துக்கென்று தானாகவே டைஃபென்ஹைட்ரமின் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சட்டைப் பையில் காலி அட்டையைக் கண்டுபிடித்தது அவரைப் பார்த்துக்கொண்ட பையன்தான். நிறுத்தியதும் பாதி தெளிந்தார். மீதிப் பாதி உண்மையிலேயே டிமென்ஷியா, அதாவது மறதி நோய்.

அப்புறம், மாதக்கணக்கில் மெதுவாக வருவது ஒன்று. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று உளறுவது வேறு. சிறுநீர்த் தொற்று வந்தாலும் அப்படி ஆகும். அதற்குக் காத்திருக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

இரவுவேலை:
நானும் ஒரு வீட்டில் சொன்னேன். "எங்க அம்மாவைப் பைத்தியம்னு சொல்றியா" என்று அடுத்த மாதமே நிறுத்திவிட்டார்கள். சொல்லுங்கள், ஆனால் அந்த "டிமென்ஷியா" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். அது டாக்டர் வேலை.

பகல்ஷிப்ட்:
பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. டப்பா இப்போது என்னிடம்தான். "நானே போட்டுப்பேன்" என்று இரண்டு நாள் கோபித்துக்கொண்டார், சரியாகிவிட்டது.

ஓபி நர்ஸ் சொன்ன "முன்பு எப்படி" என்பது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா தினமும் வீட்டுக் கணக்கு எழுதுவார், பழைய நோட்டெல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். சார் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். பழையதில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை, அதன் கீழே ஸ்கேல் வைத்துப் போட்ட இரட்டைக் கோடு. புதியதில் ஒரே செலவு மூன்று தடவை, கூட்டுத்தொகை இல்லை, ஒரு பக்கத்தில் கோடு மட்டும் போட்டிருக்கிறது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சார் ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம், அவரும் வருகிறார்.

ஒரு சந்தேகம். அம்மா இன்னும் தினமும் எழுதுகிறார். தப்பைத் திருத்தட்டுமா?

ஓபி_நர்ஸ்:
திருத்தாதீர்கள். பக்கத்தின் மேலே தேதி மட்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வியாழக்கிழமை இரண்டு நோட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.