கடற்கரைக் கிளையைப் பசுமையாக்கச் சொல்கிறார்கள்: எதில் தொடங்குவது?

வாடைக்கரை கேட்டது:

மண்டபம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கிக் கிளை. அடுத்த நிதியாண்டுக்குக் கிளையளவில் ஒரு பசுமைத் திட்டம் எழுதித் தரும்படி தலைமையகம் கேட்டிருக்கிறது. கூடவே வந்த மாதிரிக் கடிதத்தில் இருப்பவை: பேப்பர் குறைப்பு, எல்இடி விளக்கு, மொட்டைமாடியில் 10 கிலோவாட் சோலார், மரக்கன்று நடுதல், "பசுமை டெபாசிட்" (பசுமைத் திட்டங்களுக்கென்றே திரட்டும் டெபாசிட்) அறிமுகம்.

கிளை நிலவரம் இது. மின்சாரம் மாதம் சுமார் 1,800 யூனிட். மூன்று ஏசி, அதில் ஒன்று ஏடிஎம் அறையில் இரவு பகலாக ஓடும் பழைய 1.5 டன். ஜெனரேட்டருக்கு ஆண்டுக்கு 300 லிட்டர் டீசல். கடனில் பெரும்பங்கு நகைக்கடன். மீதி விசைப்படகு, மகளிர் குழு, நாலைந்து இறால் பண்ணை, வீட்டுக் கடன். கடல் கூப்பிடு தூரத்தில்.

சோலார் இந்த உப்புக்காற்றில் தாங்குமா? கடன் பக்கம் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் எந்தக் கடன், எப்படி? பசுமை டெபாசிட் நாங்கள் வாங்கலாமா?

---

பேரேடு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்க முடியாது சார். ரிசர்வ் வங்கியின் பசுமை டெபாசிட் விதிமுறை 2023 ஏப்ரலில் வந்து ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது ஷெட்யூல்டு வணிக வங்கிகளுக்கும், டெபாசிட் திரட்டும் என்பிஎப்சிகளுக்கும் (வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கும்) மட்டும். ஸ்மால் பைனான்ஸ் வங்கிகள் உள்ளே. வட்டார ஊரக வங்கிகள்கூட வெளியே. கூட்டுறவு வங்கி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அனுமதி உள்ளவர்களுக்கும் வேலை லேசில்லை. வாரியம் ஏற்ற கொள்கை வேண்டும், திரட்டிய பணம் எந்தத் திட்டத்துக்குப் போனது என்று ஆண்டுதோறும் வெளியாள் சரிபார்க்க வேண்டும், தாக்க அறிக்கை போட வேண்டும். வாசலில் பச்சை பேனர் கட்டிச் சாதாரண டெபாசிட்டை அந்தப் பெயரில் வாங்கினால் ஆய்வில் மாட்டுவீர்கள். தலைமையகத்துக்கு இதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அடுத்து கிளையின் கார்பன் உமிழ்வு அளவு. உங்கள் மின்சாரம் ஆண்டுக்கு 21,600 யூனிட். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக 15.5 டன். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, 300 லிட்டருக்கு 0.8 டன். கிளை மொத்தம் 16 டன் சொச்சம்.

இனி கடன் பக்கம். விசைப்படகு ஒன்றுக்கு வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரை என்று 2023-ல் உயர்த்தினார்கள். அதை முழுக்க எரித்தால் 51 டன். இதில் வங்கியின் பங்கு எவ்வளவு? கடன் வழியே வரும் உமிழ்வைக் கணக்கிட உலகளவில் வங்கிகள் பயன்படுத்தும் பிசிஏஎஃப் முறையில் வாகனக் கடனுக்கு ஒரு சூத்திரம் உண்டு: கடன் பாக்கியை, வாங்கியபோது இருந்த மதிப்பால் வகுக்க வேண்டும். அதையே படகுக்கும் வைத்துக்கொள்ளலாம். 40 லட்சம் படகு, பாக்கி 10 லட்சம் என்றால் கால் பங்கு, 12.7 டன் உங்கள் கணக்கில் ஏறும். இப்படி இரண்டே படகு போதும், கிளையின் மின்சாரம், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் மிஞ்சிவிடும். பேப்பர் குறைப்பு நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தக் கணக்கில் அது தூசு.

கோர் பேங்கிங் மென்பொருளில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. தனியாக ஒரு எக்செல் தாள் போடுங்கள்: எரிபொருள் வகை, என்ஜின் குதிரைத்திறன், ஆண்டு லிட்டர், கடன் தந்தபோது சொத்தின் மதிப்பு, இன்றைய பாக்கி. லிட்டர் கணக்கை வாய்மொழியாகக் கேட்காதீர்கள். மானிய டீசல் பாஸ்புக்கில் இருக்கிறது, ஜெராக்ஸ் வாங்குங்கள். மானியத்துக்கு மேல் வெளிப் பங்கில் போட்டது அதில் வராது. அதனால் வருவது குறைந்தபட்ச எண் என்று தாளிலேயே குறித்துவிடுங்கள்.

நகைக்கடனை இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். பணம் எதற்குப் போனதென்றே தெரியாத கடனுக்கு உமிழ்வு கணக்கிட முறை இல்லை. "மதிப்பிட இயலாதது" என்று தனி வரியில் தொகையைக் காட்டுங்கள். அந்தத் தொகையையும் மொத்தக் கடனில் சேர்த்து வகுத்து, விழுக்காட்டை அழகாகக் காட்டும் அறிக்கைகள் நிறைய வருகின்றன, படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

---

எர்த்வயர் எழுதியது:

சோலாருக்கு முன் ஏடிஎம் அறை. 1.5 டன் பழைய ஏசி கம்ப்ரசர் ஓடும்போது 1.6 கிலோவாட் இழுக்கும். நாளில் அறுபது விழுக்காடு நேரம் ஓடினாலே 23 யூனிட், மாதம் 690. உங்கள் பில்லில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு அறைதான்.

அங்கே போய்க் கதவைப் பாருங்கள். கண்ணாடிக் கதவின் அடியில் தரையில் பதித்த ஸ்பிரிங் உப்பில் துருப்பிடித்து, கதவு கடைசி இரண்டு விரல் இடைவெளியை மூடாமல் நிற்கும். குளிர் முழுக்க அந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது. ஸ்பிரிங்கை மாற்றி, கதவின் அடியில் பிரஷ் பட்டி அடியுங்கள். இரண்டு ஏசி மாறி மாறி ஓடும் அறையானால் டைமரைச் சோதியுங்கள். டைமர் செத்துப்போய் இரண்டும் சேர்ந்து ஓடுவது சகஜம். பிறகு பழையதைக் கழற்றிவிட்டு, 100 சதுர அடி அறைக்கு 1 டன் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி, 26 டிகிரி. வெளிப்பெட்டியில் செம்புக் காயில், அரிப்பு தடுக்கும் பூச்சுள்ள துடுப்பு இருக்க வேண்டும். அதைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். அந்த அறை இழுக்கும் யூனிட்டில் பாதி மிச்சமாகும்.

அதன் பிறகு வரும் பில்லை வைத்துச் சோலார் அளவை முடிவு செய்யுங்கள். 1 கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும், 100 சதுர அடி இடம் பிடிக்கும். வணிக இணைப்பில் வெளியே தள்ளும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவு. வங்கிக்கு ஞாயிறும் இரண்டாம், நான்காம் சனியும் விடுமுறை. காலை பத்து மணி வரை உள்ளே மின்சுமையும் இல்லை. உங்கள் அளவுக் கிளையில் 10 கிலோவாட் போட்டால், தோராயமாக உற்பத்தியில் பாதிக்கு நெருக்கமாக வெளியே போய்விடும். 5 கிலோவாட்டில் மூன்றில் ஒரு பங்கோடு நிற்கும். ஐந்தே போதும்.

உப்புக்காற்றில் தாங்கும், டெண்டரில் சரியாகக் கேட்டால். பேனலுக்கு ஐஇசி 61701 உப்புமூட்டச் சோதனைச் சான்று. தாங்கு சட்டம் அனோடைஸ் செய்த அலுமினியம், போல்ட் எல்லாம் எஸ்எஸ் 316 (துருப்பிடிக்காத எஃகில் உப்பைத் தாங்கும் ரகம்). விலை குறைப்பதற்காக 304 கொண்டு வருவார்கள், சீக்கிரமே பழுப்புத் தட்டும். அலுமினியமும் எஸ்எஸ்ஸும் நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் கரையும்; இடையில் இபிடிஎம் ரப்பர் அல்லது நைலான் வாஷர் கட்டாயம். எர்த்துக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை வேண்டாம், செம்பு. கனெக்டர்கள் இரு பக்கமும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும், தளத்தில் கிடக்கக்கூடாது; மழைநீர் தேங்கி உள்ளே உப்பு ஏறினால் சூடாகி உருகும். தாங்கு சட்டத்தின் காற்றழுத்தக் கணக்கு ஐஎஸ் 875 பகுதி 3-ன்படி, புயல் கரை என்று குறிப்பிட்டு, பொறியாளர் கையெழுத்தோடு வாங்குங்கள்.

கழுவுவது போர் தண்ணீரில் வேண்டாம். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் கட்டி, பிறகு சுரண்டினாலும் போகாது. காவிரிக் குடிநீரோ, பிடித்து வைத்த மழைநீரோ. கண்ணாடி சூடேறுமுன் விடியலில் கழுவ வேண்டும்.

யுபிஎஸ் பேட்டரியை மறக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும். படிக்கட்டுக்கு அடியில் காற்றில்லாமல் அடைத்து வைத்துவிட்டு அடிக்கடி மாற்றுவதில் பசுமை ஒன்றும் இல்லை. பழையதைப் பழைய இரும்புக்கடைக்குப் போடாமல் விற்பவரிடமே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதி அதைத்தான் சொல்கிறது.

---

பாசிக்கரை எழுதியது:

குழுக்கடன் பக்கம் நான் சொல்கிறேன். பசுமைக் கடன் என்றதும் எல்லோரும் கடற்பாசியைத்தான் எழுதுவார்கள். நல்ல கடன்தான், ஆனால் இடம் தப்பினால் பவளப்பாறைக்கு எமன். இங்கே வளர்ப்பது கப்பாபைகஸ், ஊரில் பெப்சி பாசி என்பார்கள். வெளியிலிருந்து வந்த இனம். குருசடைத் தீவுப் பக்கம் பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் தென்கடலில், மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா பக்கம் மிதவை போட ஒருபோதும் கடன் தராதீர்கள். வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) மட்டும், அதிலும் கடற்புல் படுகைக்கு மேலே நிழல் விழாத இடத்தில். விண்ணப்பத்தோடு மிதவை நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியைக் கேளுங்கள். கைபேசியிலேயே எடுக்கலாம்.

கணக்கு இப்படி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 20 கயிறு, கயிற்றுக்கு 20 துண்டு, துண்டு 150 கிராம். விதைப் பாசி 60 கிலோ. 45 நாளில் 260 கிலோ வரை. அதில் 60 அடுத்த விதைக்குப் போக 200 கிலோ, காய்ந்தால் 20. ஒருவருக்கு 45 மிதவை, நாளுக்கு ஒன்றாக அறுவடை. மத்திய மீன்வளத் திட்டத்தில் மிதவைக்கு அலகுத் தொகை 1,500 ரூபாய், பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம். ஆக ஒருவருக்கு 67,500-ல் 40,500 மானியம், 27,000-தான் கடன் அல்லது சொந்தப் பணம். மீன்வளக் கிசான் கடன் அட்டையில் கொடுத்தால் ஒழுங்காகக் கட்டுபவருக்கு வட்டி 4 விழுக்காடு.

விளைச்சலைப் பாதியாக வைத்துத்தான் திருப்பிக் கட்டும் திறனைப் பாருங்கள். ஓரா மீன் கூட்டமாக வந்து மேயும். மிதவைக்கு அடியில் வலை கட்டாவிட்டால் வெறும் கயிறுதான் மிஞ்சும். சித்திரை, வைகாசி வெக்கையில் தண்டு வெளுத்து ஒடியும் நோய் வரும். வாங்கும் கம்பெனியிடம் கொள்முதல் கடிதம் இல்லாமல் பணம் விடுவிக்க வேண்டாம். இன்னொன்று, கிழிந்த வலையும் நைந்த கயிறும் கரைக்கு வந்தால்தான் அடுத்த தவணைக் கடன் என்று நிபந்தனை போடுங்கள். எல்லாம் பிளாஸ்டிக். கடலில் விட்டால் நாம் கொடுத்த பசுமைக் கடனே குப்பையாகிறது.

இறால் பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத பண்ணைகள் அநேகம்.

---

நங்கூரம் எழுதியது:

படகுக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. இழுவலையை விட்டு ஆழ்கடல் தூண்டில் படகுக்கு மாறும் திட்டத்தை (2017-ல் வந்தபோது 80 லட்சத்தில் மத்திய அரசு 50, மாநிலம் 20, வங்கிக் கடன் 20, பயனாளி 10 விழுக்காடு) பசுமை என்று எழுதத் தோன்றும். பாக் நீரிணையின் அடித்தரைக்கு அது நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் தூரம் கூடக் கூட டீசலும் கூடும். "கடல்வளப் பாதுகாப்பு" என்ற தலைப்பில் போடுங்கள், "உமிழ்வுக் குறைப்பு" என்பதில் போடாதீர்கள்.

டீசல் குறைய வேண்டுமென்றால் சின்னக் கடன்கள் இருக்கின்றன: என்ஜின் ஓவர்ஹால், அடிப்பகுதி சிப்பி சுரண்டிப் பெயின்ட், என்ஜினுக்குப் பொருந்தும் புரொப்பெல்லர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும். மார்ச்சிலேயே அனுமதித்து வைத்தால்தான் அந்த 61 நாளில் வேலை முடியும். ஜூனில் அனுமதித்த கடன் வேறு எதற்கோ போகும். படகுக்குத் தேவையில்லாத பெரிய செகண்ட் ஹேண்ட் என்ஜினுக்குக் கடன் தராமல் இருப்பதும் ஒரு பசுமைக் கொள்கைதான்.

---

வாடைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வீட்டுச் சோலார் கடனைக் கிளை இலக்காக வைக்கலாமா? பாசிக் கடனுக்கு எங்கள் சிஸ்டத்தில் மாதத் தவணைதான் வருகிறது; பாசிக்கரை அக்கா எப்படிப் போடச் சொல்கிறீர்கள்?

---

பேரேடு எழுதியது:

வீட்டுச் சோலாரில் ஆள் பார்த்துக் கொடுங்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு மானியம் 78,000. ஆனால் நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அடுத்த படிகளும் மானிய விலை. 200 யூனிட் ஓடும் வீட்டில் மிச்சமாகும் பணம் தவணைக்கே பத்தாது. 500-ஐத் தாண்டும் வீடுகளை எடுங்கள். அங்கேதான் படி விலை ஏறும். மின் இணைப்பு தாத்தா பெயரில், கடன் பேரன் பெயரில் என்றால் மானியம் நிற்கும். பெயர் மாற்றம் முதலில். உள்நாட்டு செல் பேனல் இல்லாவிட்டாலும் மானியம் இல்லை. மானியம் வரும் சேமிப்புக் கணக்கைக் கடன் கணக்கோடு இணைத்து எழுதி வாங்குங்கள். மொட்டைமாடியில் கருவாடு காயப்போடும் வீடானால் 300 சதுர அடியை யார் விட்டுக்கொடுப்பது என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்குவது உத்தமம்.

---

பாசிக்கரை எழுதியது:

மாதத் தவணை வேண்டாம் தம்பி. வாடை அடங்கும்போது மிதவை தயாராக இருக்க வேண்டும், எனவே டிசம்பர் கடைசியில் அனுமதி, ஜனவரியில் பணம். மழைக்குப் பின் விதைப் பாசி தட்டுப்பாடு, விலையும் ஏறும். விதைக்கான பணத்தைத் தனியாக விடுவியுங்கள். முதல் மூன்று மாதம் தவணை இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு தவணை. மே மாதத்துக்கு மட்டும் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்றுமே கேட்காதீர்கள், வடகடல் அப்போது மிதவையை வைத்திருக்க விடாது. சிஸ்டம் ஏற்கவில்லை என்றால் பயிர்க்கடன் போல அறுவடைக் கெடு வைக்கும் திட்டக் குறியீடு இருக்கும், அதில் திறக்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் அரையாண்டு இலக்குக்காகப் பணம் கொடுத்த குழுக்களின் மூங்கில்தான் நவம்பரில் கரை ஒதுங்கும்.