ஒரு பெட்டியைக் காலியாக விட்டால் கிரிட்வியூவே வருவதில்லை

வணக்கம். காரைக்குடியில் எங்கள் ரத்த தானக் குழுவுக்கு ஒரு தேடல் பக்கம் செய்கிறேன். ஊர், ரத்த வகை இரண்டையும் நிரப்பித் தேடினால் கொடையாளர் பட்டியல் கிரிட்வியூவில் (பக்கத்தில் தரவை அட்டவணையாகக் காட்டும் கன்ட்ரோல்) ஒழுங்காக வருகிறது. ஊர்ப் பெட்டியைக் காலியாக விட்டால் ஒரு வரிகூட வருவதில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அவசரத்துக்குத் தேடுபவர்கள் பெரும்பாலும் ரத்த வகையை மட்டும்தான் போடுவார்கள், அதனால் இது சரியாகியே ஆக வேண்டும்.

ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ், ஃபிரேம்வொர்க் 4.8, எஸ்க்யூஎல் சர்வர் 2017 எக்ஸ்பிரஸ். தரவுத்தளத்திலிருந்து தரவை எடுத்துத் தரும் எஸ்க்யூஎல் டேட்டாசோர்ஸில், அந்த இரண்டு பெட்டிகளின் மதிப்பை வினவலுக்குக் கொடுக்க இரண்டு கன்ட்ரோல் பாராமீட்டர்கள். வினவலில் "@ஊர் இஸ் நல் ஆர் ஊர் = @ஊர்" என்றுதான் எழுதியிருக்கிறேன், அதாவது ஊர் நல் (மதிப்பே இல்லை) என்றால் எல்லா ஊர்களும் வர வேண்டும். ரத்த வகை மட்டும் இருந்தவரை பிரச்சினையே இல்லை. போன சனிக்கிழமை ஊரைச் சேர்த்த பிறகுதான் இப்படி.

அதே வினவலை மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ஊருக்கு நல் கொடுத்து ஓட்டினால் 43 வரிகள் வருகின்றன. பொத்தானை அழுத்தும்போது டேட்டாபைண்ட் அழைத்துப் பார்த்தேன். நெடுவரிசைகளைத் தானாக உருவாக்கவும் விட்டேன். வியூஸ்டேட்டை அணைத்தேன். எதிலும் மாற்றமில்லை. அப்புறம் சர்வருக்கு வரும் வினவல்களைக் காட்டும் புரொஃபைலரைத் திறந்தால், பெட்டி காலியாக இருக்கும்போது வினவல் சர்வருக்குப் போகவே இல்லை! மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பாராமீட்டர் காலியாக இருந்தாலும் வினவலை அனுப்பும்படி எஸ்க்யூஎல் டேட்டாசோர்ஸில் எதை மாற்ற வேண்டும்?